நம் வாசலிலிருந்து புறப்படும் தண்ணீர்

(நன்கொடையாளர் கூடுகையில் நம் மருத்துவமனையின் மருத்துவர் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)



தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து, மலையேறி, இந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நேற்று மாலை தேநீர் வேளையில் ஒரு மூத்த சகோதரி என்னிடம், "டாக்டர், ஒருமுறை எக்ஸ்ரே கருவிக்குக் கொடுத்தோம். அடுத்து பிரசவ வார்டுக்குக் கொடுத்தோம். இந்த முறை சாக்கடைக்கா கேட்கிறீர்கள்?" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் இரவு படுக்கப் போனபோது, இன்று எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்விக்கே பதில் சொல்வது நல்லது என்று தோன்றிற்று. ஆம், சாக்கடைக்குத்தான் கேட்கிறோம். ஏன் என்று சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்குமுன் மழைக்காலம் முடிந்த சமயத்தில், நமக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து ஒரு தாய் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வயது. பத்து நாள் காய்ச்சல், வயிறு உப்பல், நாக்கெல்லாம் வெள்ளை. டைபாய்டு. கர்த்தருடைய கிருபையால் பிழைத்தான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் வழக்கம்போல், "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கணும் அம்மா" என்று சொன்னேன். அவள் சொன்னாள்: "குடிக்கிறது பைப்பு தண்ணிதாங்க டாக்டரம்மா, காய்ச்சித்தான் குடுக்கிறேன். குளிக்கிறதும் துணி துவைக்கிறதும் ஓடையில. பசங்க அதிலேயேதான் கெடக்கும். அந்த ஓடைக்கு உங்க ஆஸ்பத்திரித் தண்ணிதானுங்களே வருது."

அவள் குற்றஞ்சாட்டவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அன்று மாலை நான் தனியாக மருத்துவமனையின் பின்புறம் இறங்கிப் போனேன். இத்தனை வருட ஊழியத்தில் அந்தப் பக்கம் அதுவரை போனதே இல்லை என்பதை வெட்கத்தோடு உங்கள் முன் ஒத்துக்கொள்ளுகிறேன். செப்டிக் டேங்க் நிரம்பி, அதன் மேல்மூடி ஓரமாகக் கறுப்பு நீர் கசிந்து, கொய்யா மரத்தடியில் ஒரு சிறு வாய்க்காலாகி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. கீழே துவைகல்லில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனுக்கு வந்த கிருமி நம்மிடமிருந்துதான் போனது என்று நிரூபிக்க என்னால் முடியாது. போகவில்லை என்று சொல்லவும் முடியாது.

கடற்கரையிலிருந்து வந்திருக்கும் நீங்கள், மலைத் தண்ணீர் என்றால் பரிசுத்தமானது என்று நினைக்கிறீர்கள். காலண்டர் படங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி 1825-ல் கட்டி முடித்த ஊட்டி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்துக் கழிவுநீர் அதில் சேருவதைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ ஆண்டுகளாக எழுதிவிட்டன. படகில் போகிறவர்கள் அநேகர். அதில் இறங்கிக் குளிக்க யாரும் துணியமாட்டார்கள். ஏரியின் உபரிநீர் காமராஜ் சாகர் பக்கமாக இறங்குகிறது. அந்தப் பக்கத்து நீர் கடைசியில் மாயாறாகிப் பவானிசாகருக்குப் போகிறது. நம்முடைய கிழக்குச் சரிவுக்கு அத்தனை சுற்று இல்லை. குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் பர்லியாறு, கல்லாறு வழியாக நேரே விழுந்து, மேட்டுப்பாளையத்தருகே பவானியைச் சேருகின்றன. மலை ரயிலில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 28 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். ரயில் மூச்சுவாங்கி ஏறுகிற அந்த உயரத்தைத் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இறங்குகிற வழியெல்லாம் மனிதர் குளிக்கிறார்கள். சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகள். கீழே தேக்கம்பட்டி வனபத்திரகாளியம்மன் கோயில் துறை, அப்பால் கோபி பக்கத்தில் கொடிவேரி அணைக்கட்டு, முடிவில் காவிரியோடு சேரும் பவானி கூடுதுறை. ஆடி மாதத்தில் அந்தப் படித்துறைகளில் நிற்கும் ஜனத்திரளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எந்த தெய்வத்தை நினைத்து முழுகுகிறார்கள் என்பது வேறு காரியம். அவர்கள் முழுகும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு மேலே இருக்கிற நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

உள்ளதை மிகைப்படுத்தவும் கூடாது. ஊட்டியில் விழுந்த கிருமி பூம்புகார் வரை போய்ச் சேருவதில்லை. வெயிலும், நாட்கணக்கான பயணமும், அணையில் தேங்குவதும், மற்ற நுண்ணுயிர்கள் தின்பதும் சேர்ந்து அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். கர்த்தர் ஆற்றுக்கு அப்படி ஒரு தன்மையைக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். கல்லாற்றுப் பிள்ளைகளுக்கும் நம் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் கிடைப்பதில்லை.

குளிக்கிற தண்ணீரால் நோய் வருமா என்று கேட்கலாம். வைத்திய உலகமே இதில் வெகுநாள் தயங்கிற்று. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஒரு குளத்து நீரிலேயே கண்டார். ஜனங்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் எடுத்த குளம் அது. அப்படியிருந்தும், கடலில் குளிப்பதால் சொல்லத்தக்க ஆபத்து இல்லை, பார்க்கவே அருவருப்பாக இருந்தாலொழிய பயப்பட வேண்டாம் என்று 1959-ல்கூட இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அறிக்கை கொடுத்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்குமுன் அதே நாட்டில், கழிவுநீர் கலந்த கடலில் குளித்தபின் போலியோ கண்டு ஒரு சிறுமி இறந்துபோனாள். அவளுடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், எந்தக் கடற்கரை சுத்தம், எது அசுத்தம் என்று பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். 1976-ல் ஐரோப்பிய நாடுகள் குளிக்கும் நீருக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தன. பின்னர் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாகச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பிரிவினரைக் கடலில் முழுகச் செய்து, மற்றவர்களைக் கரையிலேயே இருக்கவைத்து ஒப்பிட்டார்கள். 1994-ல் வெளியான அந்த ஆய்வில், நீரில் மலக்கிருமி ஓர் அளவுக்குமேல் ஏற ஏற, முழுகினவர்களுக்கு வயிற்றுப்போக்கும் ஏறிற்று. பார்வைக்கு அந்தத் தண்ணீர் ஒன்றும் மோசமில்லை. ஆகையால்தான் அங்கே கடலோர நகரங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்வதோடு நிற்காமல், கடைசியாக ஒருமுறை கிருமி நீக்கம் செய்து கடலுக்கு விடுகின்றன. சில இடங்களில் குளோரின், பல இடங்களில் புற ஊதா ஒளி.

இந்தக் "கடைசியாக" என்ற வார்த்தையைத்தான் இன்று உங்கள் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன். ஏனென்றால் நாங்கள் தவறினது அங்கேதான்.

அந்த மாலைக்குப் பிறகு நான் கோபத்தோடு விசாரித்தபோது, "கிருமி மருந்து தினமும் போடுகிறோமே டாக்டர்" என்றார்கள். உண்மைதான். தினமும் காலை ஒரு ஊழியர் சாக்கடை வாயில் இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் தூவுவார். யாராவது பெரியவர்கள் பார்வையிட வருகிற நாளில் நாலு கைப்பிடி. வெள்ளையாகத் தெரியும், மூக்கைத் துளைக்கும் வாசனை வரும், வந்தவர்கள் திருப்தியாகப் போவார்கள். இதைவிட விருதாவான செலவு நம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. குளோரினுக்குக் கிருமி எது, மலம் எது, சோற்றுப்பருக்கை எது என்று பகுத்தறியத் தெரியாது. எதிரே வருகிற அழுக்கையெல்லாம் எரித்து, கழிவிலுள்ள அம்மோனியாவோடு கலந்து பலமிழந்து, தன் சக்தியைச் செலவழித்துவிடும். கிருமியோ ஒரு துணுக்கு மலத்துக்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டு ஓடையில் போய் இறங்கும்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. வார்டுகளில் கழிப்பறைக்குத் தாராளமாக பினாயிலும் லைசாலும் ஊற்றுவது சுத்தத்தின் அடையாளம் என்று நம் நர்ஸ் சகோதரிகளுக்குக் கற்பித்து வைத்திருந்தோம். அது அளவு மீறி செப்டிக் டேங்குக்குள் போனால், அங்கே கழிவைச் செரிக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆக, சாக வேண்டாததை உள்ளே கொன்றோம். சாக வேண்டியதை வெளியே உயிரோடு விட்டோம்.

கொஞ்சம் கணக்கு சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு, அதாவது அரை டம்ளருக்கு, மலக்கிருமிகள் சாதாரணமாக ஒரு கோடி இருக்கும். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்தபடி, திறந்தவெளியில் குளிப்பதற்கேற்ற நீரில் கோலிஃபார்ம் கிருமிகள் அதே அரை டம்ளருக்கு 500-க்கு மேல் போகக் கூடாது. இப்போது, ஒரு நல்ல சுத்திகரிப்பு அமைப்பு 90 சதவீதம் கிருமியை நீக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 90 வாங்கினால் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்போம். இங்கே மீதி நிற்பது பத்து லட்சம். 99 சதவீதம் நீக்கினாலும் ஒரு லட்சம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், நாற்றமும் இராது, ஆனால் ஒரு லட்சம். அதனால்தான் கடைசியில் கிருமி நீக்கம் வேண்டும். அது பலிக்க வேண்டுமானால் முன்னாலே தெளியவைக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

வேதத்தில் எரிகோ பட்டணத்தார் எலிசாவிடம் வந்து, ஊர் நல்லதுதான், தண்ணீர்தான் கெட்டது என்று முறையிட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். தீர்க்கதரிசி வீடுவீடாகப் போய்ப் பானைகளில் உப்புப் போடவில்லை. தண்ணீர் புறப்படுகிற ஊற்றண்டைக்கே போனார். நான் லைன் வீட்டுத் தாய்க்குக் காய்ச்சிக் குடி என்று புத்தி சொன்னது பானையில் உப்புப் போட்ட கதை. (குளோரின் கரைசலையே உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் தயாரிக்கிறார்கள் என்பதை நம் லேப் சகோதரர் எனக்கு ஞாபகப்படுத்தினார். அதிலிருந்து பெரிய வியாக்கியானம் எதுவும் செய்யப்போவதில்லை.)

சரி, என்ன செய்யப்போகிறோம்? முதல் காரியம் வார்டிலும் லேபிலுமே தொடங்குகிறது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு நோயாளிகளின் பெட்பேனில் அங்கேயே பிளீச்சிங் கரைசல் ஊற்றி மூடி வைத்து, நேரம் கழித்துக் கொட்டுவது பழைய மிஷனெரி நர்ஸுகள் கண்டிப்பாகக் கடைப்பிடித்த வழக்கம். நடுவில் சோம்பலால் விட்டுவிட்டோம். லேப் கழிவுநீரைத் தனியே பிரித்து, கிருமி நீக்கிய பின்னரே மற்றதோடு சேர்க்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி கட்டாயமும்கூட. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். திரும்பத் தொடங்கிவிட்டோம்.

இரண்டாவது, பழைய தொட்டியைக் காலி செய்து, தடுப்புச் சுவர்களோடு புதிதாகக் கட்டுவது. இந்த வேலைக்கு ஒரு மனிதனும் தொட்டிக்குள் இறங்கமாட்டான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அதைச் செய்யக் கூடாது. இயந்திர வண்டி இந்தக் குறுகிய பாதையில் ஏற வழி அமைக்க வேண்டியிருக்கிறது. அதற்கே ஒரு தொகை.

தொட்டியிலிருந்து வரும் நீர் ஜல்லி நிரப்பிய நீண்ட படுகையில் மெதுவாக ஊர்ந்து போகும். அதில் கல்வாழையும் நாணலும் நடுவோம். மலைக்குளிரில் இது சமவெளியைவிடச் சற்று மந்தமாக வேலை செய்யும், அதனால் படுகையைப் பெரிதாக அமைக்க வேண்டும். ஆனால் சரிவு நமக்கு ஒரு உபகாரம் செய்கிறது: தொட்டியிலிருந்து படுகைக்கு, படுகையிலிருந்து அடுத்ததற்கு, தண்ணீர் தானே இறங்கும். பம்பு வேண்டாம், கரண்டு போனால் கவலையில்லை. "உறிஞ்சு குழி வெட்டி மண்ணுக்குள் விட்டுவிடலாமே, செலவு மிச்சம்" என்று ஒரு சகோதரர் ஆலோசனை எழுதியிருந்தார். சமவெளிக்கு அது பொருந்தலாம். 2009 நவம்பரில் இந்த மலையில் நிலச்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், லைன் வீடுகளுக்கு மேலே சரிவில் தண்ணீரை ஊறவைக்கத் துணியமாட்டார்கள்.

அதற்கப்புறம்தான் குளோரின். 60 படுக்கை, படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் என்று வைத்தால் சுமார் 20,000 லிட்டர் கழிவுநீர். தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 200 கிராம். நல்ல பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் உண்டு. ஆகவே முக்கால் கிலோவுக்கும் குறைவு. தெளியாத கழிவுக்கு இதைப்போல் பல மடங்கு கொட்டினாலும் போதாது. மருந்து கலந்த நீர் குறைந்தது அரை மணி நேரமாவது தங்க வேண்டும். குளிரில் குளோரின் மெதுவாகவே கொல்லும் என்பதால் நாங்கள் ஒரு மணி நேரத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். காலையில் எல்லா வார்டும் குளிக்கிற நேரத்துக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்தால் 2,500 லிட்டர் தொட்டி, உள்ளே வளைந்து வளைந்து போகும் தடுப்புகளோடு. அவ்வளவுதான். நம் சமையற்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

ஆனால் பிளீச்சிங் பவுடர் நம் மூடுபனிக்குப் பகைவன். ஈரம் பட்டால் சத்து போய்விடும், மூட்டை மூட்டையாகத்தான் இருக்கும். 30 சதவீதம் என்று வாங்கி வைத்தது பாதியாகக் குறைந்திருந்தால், அதே முக்கால் கிலோ போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குவோம், ஓடையில் கிருமி விழித்திருக்கும். ஆகையால் காற்றுப் புகாத டப்பாக்கள் வேண்டும், சத்தைச் சோதிக்க லேபில் மாதமொரு முறை பரிசோதனை வேண்டும், வெளியேறும் நீரில் மிச்சக் குளோரின் உண்டா என்று தினம் பார்க்க ஒரு சிறு சோதனைப் பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைத் தினந்தோறும் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுத ஓர் ஆள் வேண்டும். பிரியமானவர்களே, உண்மையில் நான் உங்களிடம் கேட்பது அந்த ஆளின் சம்பளம். தொட்டிக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். சம்பளத்துக்கு எதுவும் வைக்க முடியாது. கொடுக்கிறவர்கள் குறைவாக இருப்பதும் அதனால்தான். அதில்லாமல் கட்டுகிற தொட்டி நாலே வருஷத்தில் என் கொய்யா மரத்தடி வாய்க்காலாகிவிடும்.

நாகர்கோவில் சகோதரர் ஒருவர் குளோரினால் மீன் சாகாதா என்று கேட்டார். மீன்பிடி ஊரிலிருந்து வந்தவர், சரியாகக் கேட்டார். சாகும். மிகச் சிறிய அளவே மீனுக்கு விஷம். ஆகவே கடைசித் தொட்டிக்கும் ஓடைக்கும் நடுவே படிப்படியான திறந்த வாய்க்காலில் வெயில் பட ஓடவிட்டு, அப்படியும் மிச்சமிருந்தால் தயோசல்பேட் உப்பால் முறித்துவிட வேண்டும். இன்னொன்று: கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி முட்டைகளைக் குளோரின் அவ்வளவாக ஒன்றும் செய்யாது, அவை தெளிவுத் தொட்டியிலும் ஜல்லியிலும்தான் நிற்க வேண்டும். தோட்டத்துப் பெண்களின் இரத்தச் சோகையில் கொக்கிப்புழுவுக்கு எவ்வளவு பங்கு என்பதை நம் பிரசவ வார்டு அறியும்.

நாம் மட்டும் சரிசெய்தால் பவானி சுத்தமாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. மலையில் ஊர்கள் இருக்கின்றன, ஓட்டல்கள் இருக்கின்றன, சீசனுக்கு வருகிற லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளை ஓரிடத்தில் கூட்டிவைத்து, அவர்களுடைய கிருமிகளையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் ஒரே குழாயில் வெளியே விடுகிற இடம் ஆஸ்பத்திரிதான். எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து புறப்பட்ட தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கி, கடல்மட்டும் போய், அதன் நீரை ஆரோக்கியமாக்கிற்று. நம் வாசற்படியிலும் சிலுவை இருக்கிறது. அந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்குக் கொய்யா மரம்தான் நினைவுக்கு வருகிறது.

வரைபடங்கள் வெளியே மேஜையில் இருக்கின்றன. பொறியியல் தெரிந்தவர்கள் தயவுசெய்து பார்த்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும், கீழே உள்ள ஜனங்களிடமும் பேசிவிட்டோம். வேலை தொடங்குமுன் ஒரு முறையும், முடிந்தபின் மாதந்தோறும் ஓடை நீரை எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். முதல் மாதிரியை எங்கே எடுப்பது என்று கேட்டபோது, பையனின் தாய்தான் இடம் காட்டினாள்: துவைகல்லுக்கு இரண்டு அடி மேலே, பிள்ளைகள் குதிக்கிற பள்ளத்தில். அங்கேதான் எடுக்கிறோம். வருகிற எண்ணிக்கை எதுவானாலும், மோசமானாலும்கூட, இந்தச் செய்தி மடலில் அப்படியே அச்சிடுவோம்.